அச்சத்திற்கு அணிவித்த முகங்கள்

மக்கள் உள்ளத்தே தோன்றி உடல்வழிப் புலப்படும் உணர்வுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்களை நான்கு நான்காகக் கூறிச் சென்றார் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் அவர் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. வருத்தும் தெய்வம், கொடு விலங்கு, கொள்ளைக்காரர், தண்டிக்கும் அதிகாரம் ஆகிய இந்நான்கினும் மனிதன் அஞ்சுதல் இயல்பே. அதே இயலில் இளிவரல் என்னும் மற்றொரு மெய்ப்பாடு பேசப்படுகிறது. பிறர் எளிதாக நோக்கும் நோக்கால் உள்ளம் கூசிக் குன்றும் நிலை அது. அதற்குரியனவாக அவர் எண்ணியவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்குக. முதுமையும் நோயும் வலியின்மையும் அச்சத்தின் பட்டியலில் இல்லை. அவை அஞ்சத்தக்கன என்று நம் முன்னோர் கருதவில்லை. அவற்றை உடையவரே பிறர் முன் கூசி நிற்க நேர்கிறது என்றுதான் கண்டனர். ஆனால் நம் காலத்தில் அச்சத்தையே விலைப்பொருளாக்கி வாழும் ஒரு கலை தோன்றியது. திகிற்படம் என்றும் மர்மப்படம் என்றும் வழங்கும் அத்திரைக்கலை இளிவரற் பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்து அச்சத்தின் பட்டியலில் அமர்த்திவிட்டது. நெறி பிறழ்ந்த பெண், நரை திரை மூப்புடைய கிழவன், உறுப்புக் குறையுடையவன், உள்ளம் நோயுற்றவன் ஆகியோரே திரையில் நம்மை நடுங்கச் செய்வோராயினர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்த தீங்கு யாது, அது இன்று எவ்வளவு திருந்தியுள்ளது என்பவற்றைத் தமிழ்த் திரை வரலாற்றின்வழி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

புனேயில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி அயலார் கதையன்று. தமிழ்த் திகிற்படத்தின் வேர்களுள் இரண்டு நம் நகரத்து மண்ணோடு தொடர்புடையன என்பதை முதற்கண் காண்போம்.

பிரபாத் தந்த தொடர்பு

கோலாப்பூரில் தோன்றிய பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933 ஆம் ஆண்டில் புனேக்குக் குடிபெயர்ந்தது. அந்நிறுவனத்தின் நிலையம் இருந்த இடத்தில் 1960 ஆம் ஆண்டில் நடுவண் அரசு திரைப்படப் பயிற்சிக் கழகத்தை நிறுவியது. அதனை அடுத்து 1964 இல் தேசியத் திரைப்படக் காப்பகமும் இந்நகரிலேயே தொடங்கப்பெற்றது. லா காலேஜ் சாலை வழியாக நாள்தோறும் அலுவலகம் சென்று மீளும் நம்மவருள், அச்சுற்றுச் சுவர்களுக்குள் தமிழ்த்திரையின் வரலாறும் ஒருபால் அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

பிரபாத் நிறுவனத்தார் தமிழிலும் படம் எடுத்தனர். 1934 இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' அவர்களுடையது. அதில் இராவணன் அவையிலே இசைக்கும் சிறுவனாக ஒரு குழந்தை தோன்றினான். அக்குழந்தையே பின்னாளில் வீணைக் கலைஞராகப் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர். வீணையில் மட்டுமன்றித் திரைத்துறையிலும் புதுமை கண்ட அவர் 1954 இல் ஏ.வி.எம். நிறுவனத்திற்காக 'அந்த நாள்' என்னும் படத்தை இயக்கினார். ஜாவர் சீதாராமன் எழுதிய அப்படம் பாடலோ நடனமோ இன்றி வெளிவந்த முதல் தமிழ்ப்படம் என்னும் பெருமையுடையது.

அதே பிரபாத் நிலையத்திலிருந்து 1937 இல் வெளிவந்த 'குங்கூ' என்னும் மராத்திப் படத்தையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். வி. சாந்தாராம் இயக்கிய அப்படத்தில், முதியவர் ஒருவருக்கு ஏமாற்றி மணம் முடிக்கப்பட்ட இளம்பெண் அம்மணத்தை ஏற்க மறுத்து நிற்கிறாள். ஆயினும் அம்முதியவர் கொடியவராகத் தீட்டப்படவில்லை. தம் பிழையை உணரும் மனிதராகவே காட்டப்பட்டார். பெண்மையும் முதுமையும் ஒரே கதையில், ஒன்றை ஒன்று தாழ்த்தாமல், இரண்டும் மதிப்போடு காட்டப்பட்டன. அதில் நாயகியாக நடித்த சாந்தா ஆப்தேதான் 1941 இல் தமிழில் வந்த 'சாவித்திரி' படத்தின் நாயகி, எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராகத் தோன்றிய படம் அது.

இத்தகைய தொடக்கம் இருந்ததாலோ என்னவோ, 'அந்த நாள்' படமும் பெண்ணைப் பெருமைப்படுத்தியே நின்றது. 1943 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சப்பானியர் விமானங்கள் சென்னையில் குண்டு வீசிய வேளையைக் களமாகக் கொண்டது அதன் கதை. வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். சிவாஜி கணேசன் அப்பாத்திரத்தை ஏற்றார். அண்டை வீட்டு முதியவர், தம்பி, தம்பியின் மனைவி, ஒரு நடனப்பெண், மனைவி என ஐவர்மீதும் ஐயம் படர்கிறது. அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்த துரோகி என்பதும், அவன் மாண்டது அவன் மனைவியின் கைத்துப்பாக்கியாலேயே என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. பண்டரிபாய் நடித்த அம்மனைவி கல்வி கற்றவள்; கணவனினும் நாட்டைப் பெரிதாக மதித்தவள். தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கைக் கூறுவார். அந்நான்கனுள் கல்வியும் தறுகண்மையும் தமிழ்த்திரையின் முதல் பெரும் மர்மப்படத்துப் பெண்ணிடத்தில் அமைந்திருந்தன. இத்துணை உயர்வாகத் தொடங்கிய மரபு ஏன் வழிமாறியது என்பதே நம் வினா.

பெண்: காரணமும் பலியும்

1964 இல் தாதா மிராசி இயக்கத்தில் 'புதிய பறவை' வெளிவந்தது. வங்காளப் படம் ஒன்றைத் தழுவியது அது; அவ்வங்காளப் படமோ ஓர் ஆங்கிலப் படத்தின் வழி வந்தது. சரோஜாதேவி ஏற்ற நாயகி உண்மையில் ஒரு காவல்துறை அலுவலர் என்பது படத்தின் இறுதித் திருப்பம். கிரண் பேடி இந்தியக் காவல் பணியிற் சேர்ந்த முதற்பெண்மணியானது 1972 இல் எனின், அதற்கு எட்டாண்டுகள் முன்னரே தமிழ்த்திரை பெண் துப்பறிவாளரைப் படைத்துவிட்டது. ஆயினும் அவள் குற்றத்தைக் கண்டறிவது நூலறிவாலோ தடயத்தாலோ அன்று. காதலை நடித்து ஆண்மகனின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கிறாள். கணவன் கையால் அறை வாங்கி இறந்த முதல் மனைவியோ மது அருந்துபவள், குடும்பம் பேணாதவள். அவளுக்காக இரங்குவதற்குப் படம் நமக்கு இடமே அளிப்பதில்லை. இறந்தவளைக் காட்டிலும் கொன்றவன்மீதே நம் கண்ணீர் சென்று சேர்கிறது. நடிப்பின் திறத்தால் நிகழ்ந்த மாயம் இது; திறம் மிகுந்த கலையே மிகுந்த விழிப்போடு நோக்கத்தக்கது.

1978 இல் பாரதிராசாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' தோன்றியது. கமல்ஹாசன் ஏற்ற நாயகன் பெண்களைக் கவர்ந்து கொல்பவன். அவன் ஏன் அவ்வாறானான் எனக் கேட்டால், படம் தரும் விடை பெண்ணே என்பதாம். சிறுவயதில் ஒரு பெண் அவன்மீது பொய்ப்பழி சுமத்தினாள். அவனை வளர்த்தவரின் மனைவி கணவனுக்குத் துரோகம் செய்தாள். பெண்ணினம் முழுவதையும் கூண்டிலேற்றும் வசனம் ஒன்று அதில் ஒலிக்கிறது. கொலைகாரச் சூழலில் பிறந்த அவ்வசனம் பின்னாளில் நம்மவர் வீடுகளிலும் விருந்துகளிலும் வேடிக்கைப் பேச்சாகவே புழங்கியது. திகில் மறைந்தது, தீர்ப்பு மட்டும் தங்கிவிட்டது.

நம் நகரத்தின் இரண்டாவது வேர் இவ்விடத்தில் வருகிறது. மட்டக்களப்புப் பகுதியிற் பிறந்து, புனே திரைப்படக் கழகத்தில் ஒளிப்பதிவு பயின்று 1969 இல் வெளியேறியவர் பாலு மகேந்திரா. அவர் 1980 இல் இயக்கிய 'மூடுபனி' தமிழின் நுட்பமான உளவியல் திகிற்படங்களுள் ஒன்று. பிரதாப் போத்தன் ஏற்ற இளைஞன், தன் தந்தை ஒரு விலைமகளின் பொருட்டுத் தாயை வதைத்ததைக் கண்டு வளர்ந்தவன். பின் விலைமகளிரைக் கொல்கிறான். இப்படத்தின் ஒளியும் நிழலும் அழகியன; மரங்களினூடே இறங்கும் வெளிச்சம்கூட ஒரு பாத்திரமாகவே இயங்குகிறது. ஆயினும் கணக்கை மட்டும் எண்ணிப் பார்ப்போம். தாயை அடித்தவன் தந்தை. தண்டனை பெறுவோரோ தெருவில் நின்று உடல் விற்கும் ஏழைப்பெண்கள். ஆண் செய்த குற்றத்திற்குப் பெண் விலை தருகிறாள் என்பதைப் படம் காட்டுகிறது. ஆனால் அக்கணக்கு தவறு என்று அதற்குள் எவரும் சொல்வதில்லை. அதே இயக்குநர் 2003 இல் எடுத்த 'ஜூலி கணபதி'யில் நிலைமை தலைகீழாகிறது. கால் முறிந்து படுக்கையிற் கிடக்கும் எழுத்தாளனாக ஜெயராமும், அவனை அன்பின் பேரால் சிறைவைக்கும் பெண்ணாகச் சரிதாவும் தோன்றினர். ஈண்டும் நம்மை நடுங்கச் செய்வது ஒரு பெண்ணின் கட்டுக்கடங்காத உள்ளமே.

முதுமை: சாகாத பகையா, வெல்லாத வீரமா?

பெண்ணுக்கு நேர்ந்தது ஒருபாலாக, முதுமைக்குத் திரை செய்தது யாது? 1963 இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறப்பைக் கருவாகக் கொண்டது. முற்பிறப்பில் தன் மகனின் காதலை அழித்த ஜமீன்தார், நூறு வயதைக் கடந்தும் சாகாமல், மறுபிறப்பெடுத்து வந்தோரையும் கொல்லக் காத்திருக்கிறார். எம்.என். நம்பியார் அவ்வேடத்தை ஏற்றார். சுருங்கிய தோலும் குழிந்த கண்ணும் தளர்ந்த நடையும் ஒப்பனையில் திறம்பட அமைந்தன. அவற்றைக் கண்டு கொட்டகையிற் குழந்தைகள் அலறினர் என்றால் அவ்வொப்பனைக்கு அது வெற்றிதான். ஆனால் அக்குழந்தைகள் அஞ்சியது ஜமீன்தாரின் ஆதிக்கத்தையா, கிழவரின் தோற்றத்தையா? ஆதிக்கம் கண்ணுக்குத் தெரியாது, சுருக்கமே தெரியும்.

இதற்கு எதிர்முனையாக 1996 இல் சங்கரின் 'இந்தியன்' வந்தது. விடுதலைப் போராட்ட வீரராகிய சேனாபதி எழுபதைக் கடந்தும் வர்மக்கலையால் ஊழல் செய்வோரைக் கொன்று குவிக்கிறார். நடுவண் அரசு அலுவலகங்களில் எழுத்தராகப் பணிபுரியும் நம்மிற் பலர் அப்படத்தைக் கைதட்டிக் கண்டோம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. முதியவர் மதிக்கப்பட வேண்டுமானால் அவர் இளையோரினும் வலியவராக இருத்தல் வேண்டும் என்பதே அப்படத்தின் உட்கிடை. சாதாரண முதியவர், அதாவது முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுபவர், மருந்தின் பெயரை மறப்பவர், மகன் வீட்டில் மொழி தெரியாத நகரத்தில் மாலை வேளையைக் கழிக்க வழியறியாதவர், இவ்விரு படங்களிலும் இல்லை.

வாழ்க்கையில் முதியோர் அச்சுறுத்துவோராகவா இருக்கின்றனர்? தென்தமிழ்நாட்டில் தலைக்கூத்தல் என்னும் பெயரால், படுக்கையிலாழ்ந்த முதியோரை எண்ணெய் முழுக்காட்டிச் சாகவிடும் கொடுவழக்கம் இருந்ததை நாடு அறியும். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்' அவ்வழக்கத்தையே கருவாகக் கொண்டு, 2018 ஆம் ஆண்டிற்கான சிறந்த தமிழ்ப்படத்திற்குரிய தேசிய விருதைப் பெற்றது. பெற்றோரைப் பேணாத மக்கள்மீது வழக்குத் தொடுக்க 2007 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அச்சம் முதியவரிடத்திலிருந்து வீட்டை நோக்கிப் புறப்படவில்லை. வீட்டிலிருந்துதான் முதியவரை நோக்கிச் செல்கிறது. திரையோ திசையை மாற்றிக் காட்டியது.

உறுப்பும் உள்ளமும்

உடற்குறையை உள்ளத்தின் கோணலுக்கு அடையாளமாக்கும் வழக்கம் திரையோடு பிறந்ததன்று. இராம காதையில் கேடு சூழ்பவள் கூனி. பாரதக் கதையை வழங்குவோர் சகுனியை நொண்டியாகவும், நீதி காணாத மன்னனைக் கண்ணிலானாகவும் காட்டினர். வள்ளுவரோ ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்று கருத்துரைத்தார். பொறி என்பதற்கு ஊழ் என்று பொருள் கொண்டாரும் உளர். உறுப்பு என்று கொண்டாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், தன் கையில் இல்லாத குறைக்காக ஒருவனைப் பழித்தல் தகாது என்பதே அதன் சாரம். நம் கதைகள் ஒன்று சொல்ல, நம் அறநூல் மற்றொன்று சொல்லிற்று. திரைப்படம் கதைகளின் பக்கமே சென்றது.

'அந்த நாள்' வெளிவந்த அதே 1954 இல் 'இரத்தக்கண்ணீர்' வந்தது. அது திகிற்படமன்று, சீர்திருத்த நோக்குடையது. எனினும் பெண்டிரை இகழ்ந்து வாழ்ந்தவனுக்குத் தொழுநோய் தண்டனையாக வருவதாக அதன் கதை அமைந்தது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873 லேயே கண்டறிந்துவிட்டார். நாம் வாழும் இம்மராட்டிய மண்ணில், வரோராவுக்கு அருகே பாபா ஆம்டே அந்நோயுற்றோரைக் கொண்டே நிலம் திருத்தி, கிணறு தோண்டி, ஆனந்தவனம் என்னும் ஊரையே எழுப்பிக்கொண்டிருந்த காலமும் அதுவே. எம்.ஆர். இராதாவின் குரலை நாம் அறிந்த அளவிற்கு ஆனந்தவனத்தின் கைகளை அறியவில்லை. நோயைத் தண்டனையாகக் காணும் இப்பார்வை 2015 இல் வந்த 'ஐ' வரையிலும் தொடர்ந்தது. அதில் உருக்குலைந்த நாயகன், தன்னை அவ்வாறாக்கிய ஒவ்வொருவரையும் கொல்லாமல் உருக்குலைத்துப் பழிதீர்க்கிறான். குறையோடு வாழ்தல் சாவினும் கொடியது என்னும் பொருளை அது பார்ப்போர் உள்ளத்தில் விதைக்கிறது. பிறவியிலேயோ விபத்திலேயோ அத்தகைய முகம் வாய்த்த ஒருவர் அக்கொட்டகையில் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தால், அவர் என்ன எண்ணியிருப்பார்?

உடலினும் உள்ளத்தின் நோயே திகிற்படத்திற்கு வற்றாத ஊற்றாயிற்று. 1960 இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' உலகெங்கும் அதற்கு வழி திறந்தது. தமிழில் 2001 இல் 'ஆளவந்தான்' வந்தது. மாற்றாந்தாயின் கொடுமையால் மனம் சிதைந்த ஒருவன், மருத்துவக் காப்பிலிருந்து தப்பி, தன் தம்பி மனைவியைக் கொல்லத் துரத்துகிறான். அப்படம் வெளியானது அவ்வாண்டு நவம்பரில். அதற்கு மூன்று திங்கள் முன்னர், ஆகஸ்டு 6 ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயர் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் வெந்து மடிந்தனர். அவர்களைக் கொணர்ந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோருமே.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுதல் நம் கடமை. திரையில் மனநோயாளி தளையை அறுத்துக்கொண்டு வந்து நம்மைக் கொல்கிறான். தரையில் மனநோயாளி தளையோடு எரிகிறான். மனநோயுற்றோர் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுதலே மிகுதி என்று உளமருத்துவர்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். ஆயினும், நோயர் அபாயமானவர் என்னும் எண்ணமே சங்கிலிக்கு நியாயம் தந்தது. அவ்வெண்ணத்தைத் திரைதான் உண்டாக்கிற்று என நாம் கூறவில்லை. அதற்கு நாள்தோறும் நெய் வார்த்தவற்றுள் திரையும் ஒன்று என்கிறோம். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரும், புனேயில் 'எரவாடா' என்னும் ஊர்ப்பெயரும் கேலிச்சொற்களாயின. அதனால் வெட்கி, மருத்துவமனை வாயிலை மிதியாமலே ஆண்டுகளை ஓட்டிய குடும்பங்கள் நம் நடுவிலும் உண்டு. மணப்பேச்சு தடைப்படும் என்று மகளின் நோயை மறைத்தோர், கோயிலுக்கு மட்டும் அழைத்துச் சென்று மருந்தைத் தவிர்த்தோர் ஆகியோரின் துயரை எத்திரைப்படமும் திகிலாகக் காட்டவில்லை. உண்மைத் திகில் அதுவே.

திரை காட்டாத மற்றொரு முகமும் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961 முதல் 1978 வரை ஏற்று நடத்தியவர் மருத்துவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதற்பெண் உளமருத்துவர் என அறியப்படுபவர். 1984 இல் மனச்சிதைவு நோயர்க்கான ஆய்வு நிறுவனத்தையும் சென்னையில் தோற்றுவித்தார். 2021 இல், தொண்ணூற்றெட்டு ஆண்டு நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார். அவர் பதினேழாண்டுக்காலம் நோயர்க்கு மருந்தும் தொழிலும் மதிப்பும் தந்து முடித்த அதே 1978 இல்தான் 'சிகப்பு ரோஜாக்கள்' திரைக்கு வந்தது. பெண்ணால் ஆணின் உள்ளம் கெட்டது என்று திரை சொன்ன வேளையில், கெட்ட உள்ளங்களைப் பெண்ணொருத்தி அருகிருந்து திருத்திக்கொண்டிருந்தாள்!

பெண், முதுமை, குறை என்னும் மூன்றையும் ஒரே உருவில் குவித்த படம் 2018 இல் வந்த 'ராட்சசன்'. இராம்குமார் இயக்கிய அது விறுவிறுப்பில் ஈடற்றது. அதன் கொலைகாரன் இளமையிலேயே முதுமைத் தோற்றம் தரும் அரிய நோயுடையவன். தன்னை ஏற்க மறுத்த பள்ளி மாணவியால் ஏளனத்திற்கு ஆளானவன். தன் தாயாகிய முதியவளின் வேடம் புனைந்து உலவுபவன். நோய், மூப்பு, பெண்ணுடை ஆகிய மூன்றும் திகிலுக்கே பயன்பட்டன. உலகில் மிகச் சிலர்க்கே வரும் ஒரு நோயைப் பற்றிப் பெரும்பாலார் முதன்முதல் அறிந்தது, அதனை ஒரு கொலைகாரனின் முகத்திற் கண்டுதான் எனின், அந்நோயோடு பிறந்த குழந்தை பள்ளி செல்வது எங்ஙனம்?

மாறிவரும் திரை

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகவில்லை. 1989 இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'அபூர்வ சகோதரர்கள்' குள்ள உருவினனான அப்புவைக் கொலையாளியாகக் காட்டினும், அவன் காதலையும் அவமானத்தையும் நம் நெஞ்சில் தைக்கும்படி காட்டியது. அதன்பின் சில காலம் திரை மற்றோர் எல்லைக்கு ஓடியது. 2012 இல் வந்த 'தாண்டவம்' படத்துப் பார்வையற்ற நாயகன் நாவொலியின் எதிரொலியால் சூழலை அறிந்து போரிடுகிறான். எதிரொலியால் வழியறியும் பார்வையற்றோர் உலகில் உண்மையிலேயே உள்ளனர். ஆனால் பார்வையற்றவர் ஒருவர் மதிக்கப்பட அற்புத ஆற்றல் வேண்டும் என்பது, முதியவர் மதிக்கப்பட வர்மக்கலை வேண்டும் என்பதன் மறுபதிப்பே. 2020 இல் மிஷ்கின் இயக்கிய 'சைக்கோ'விலும் இவ்விரு போக்குகளும் கலந்துள்ளன. கண்ணில்லாத இசைக்கலைஞனும், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த முன்னாள் காவல் அலுவலராகிய பெண்ணும் சேர்ந்து துப்பறிகின்றனர். அப்பெண்ணின் கூர்மதியும் சினமும் நாம் போற்றத்தக்கவை. ஆயினும் கொலைகாரன் உருவானதற்குக் காரணம் மீண்டும் ஒரு பெண்ணே. இம்முறை ஓர் ஆசிரியை.

தெளிவான திருப்பம் 2019 இல் அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' படத்தில் நிகழ்ந்தது. வன்கொடுமைக்கு ஆளாகி மனவடு தாங்கிய பெண், கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவள் வீட்டிற்குள் கொலைகாரர் புகுகின்றனர். டாப்ஸி ஏற்ற அப்பாத்திரத்திற்கு எவ்வித அற்புத ஆற்றலும் இல்லை. அஞ்சுகிறாள், அஞ்சிக்கொண்டே எதிர்க்கிறாள். துணை நிற்பவள் வீட்டுப் பணிப்பெண். அணங்கும் விலங்கும் கள்வரும் எனத் தொல்காப்பியர் வகுத்த இடத்திலேயே அச்சம் மீண்டும் சென்று அமர்கிறது. அபாயம் வெளியிலிருந்து வருகிறது, குறையுடையவளிடமிருந்து அன்று. 2021 இல் வந்த 'நெற்றிக்கண்' படத்திலும் பார்வையிழந்த புலனாய்வு அலுவலராக நயன்தாரா ஒலியாலும் மணத்தாலும் தடயம் காண்கிறார். கொரியப் படத்தின் தழுவலாயினும், இளிவரலிலிருந்து அச்சத்திற்குத் தள்ளப்பட்டவர் பெருமிதத்திற்கு ஏறிவருவதை அதிற் காண்கிறோம். 'அந்த நாள்' தொடங்கிய இடத்திற்கு அறுபத்தைந்து ஆண்டுகள் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறோம் எனின் மிகையாகாது.

திரைக்கு வெளியே சட்டமும் நடந்துகொண்டிருந்தது. நடுவண் அரசின் கீழ்நிலைப் பணியிடங்களில் உடற்குறையுடையோர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு 1977 இல் வந்தது. 1995 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதியாக்கிற்று. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 4 விழுக்காடாக உயர்த்தி, குறைகளின் வகையையும் 7 இலிருந்து 21 ஆகப் பெருக்கியது. அரசு அலுவலகங்களிற் பணிபுரியும் நம்மவர் இதன் பயனைக் கண்ணாரக் கண்டவர். பக்கத்து மேசையில் அமர்ந்து கோப்பை முடிப்பவர், ஊதியப் பட்டியலில் பிழை கண்டு சொல்பவர், தேநீர் வேளையில் அரசியல் பேசுபவர் என்றே அத்தோழர்களை நாம் அறிவோம். அவர்கள் அரக்கருமல்லர், அற்புதருமல்லர். திரையில் அவர்களைப் போன்றோரை நாம் காணாததற்குக் காரணம், அத்தோழர்கள் இன்மையன்று. எழுதுவோர் அவர்களோடு ஒருநாளும் அமர்ந்து உண்ணாமையே.

2024 ஜூலை 8 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், திரையிலும் காட்சி ஊடகங்களிலும் மாற்றுத் திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றி நெறிமுறைகளை வகுத்துத் தீர்ப்பளித்தது. குறையைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, குறையுடையவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்கவும், படைப்பில் அவர்களையே பங்கேற்கச் செய்யவும் வற்புறுத்தியது. நீதிமன்றம் வழி காட்டலாம். சுவையைத் திருத்துவது சுவைஞர் கையில்தான் உள்ளது.

நாம் செய்யத்தக்கன

தாயகம் விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்குத் திரைப்படம் வெறும் பொழுதுபோக்கன்று. இராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழை எழுத்தின் வழியினும் திரையின் வழியே மிகுதியாக அறிகின்றனர். தமிழ்நாட்டு வீடு எப்படியிருக்கும், பாட்டி எப்படிப் பேசுவாள், பைத்தியம் என்பது யாது என்னும் பாடங்கள் அவர்களுக்குத் திரையே கற்பிக்கிறது. ஊரிலிருந்தால் தெருவில் கண்டு தெளியலாம். ஈண்டு அத்தெரு இல்லை. ஆகவே நம் பொறுப்பு இருமடங்காகிறது.

திகிற்படம் காணற்க என்று நாம் கூறோம். அச்சமும் ஒரு சுவையே. அதனைத் துய்த்தல் குற்றமன்று. படம் முடிந்தபின், பிள்ளைகளோடு அமர்ந்து மூன்று வினாக்களை எழுப்பலாம். இப்படத்தில் நாம் அஞ்சியது யாரை? அவர் கெட்டதற்குக் காரணமாகக் காட்டப்பட்டவர் யார்? அவர்தம் முகத்தையோ வயதையோ நோயையோ நீக்கிவிட்டால் அவ்வச்சம் நிற்குமா? இவ்வினாக்களுக்குப் பத்து வயதுப் பிள்ளையும் விடை கூறும். விடை கூறப் பழகிய பிள்ளை, பள்ளியில் திக்கிப் பேசும் தோழனையும், அடுத்த வீட்டில் தனியே பேசிக்கொண்டிருக்கும் மூதாட்டியையும் வேறு கண்ணோடு நோக்கும்.

சங்கங்களும் சில செய்யலாம். விழா மண்டபத்தில் படியேற இயலாதார்க்குச் சாய்தளம் அமைத்தல். படம் திரையிடுங்கால் செவிகேளாதார்க்காக எழுத்துரையுடன் திரையிடுதல். குழந்தைகள் நாடகத்தில் கூனலும் நொண்டலும் சிரிப்பிற்காகப் புகுவதைத் தவிர்த்தல். மனநலம் பற்றி ஆண்டுக்கொருமுறை மருத்துவர் ஒருவரைத் தமிழில் பேச அழைத்தல். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இன்று வேண்டாம் என நினைப்போர்க்கும் நாளை மூப்பு வரும். மூப்போடு கண்ணும் காலும் தளரும். தம் பெற்றோரையும், பின்னொரு நாள் தம்மையும் இவ்வூர்த் தமிழர் அஞ்சியோ அருவருத்தோ நோக்காமல், கல்வியும் தறுகண்மையும் உடையோராகப் பெருமிதத்தோடு நோக்க வேண்டும் என்று விரும்புவோர், அந்நோக்கை இன்றே பழகுதல் நன்று.